கப்பற் சோறு

பயணம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் வீட்டுப் பெண்கள் முதலில் நினைப்பது அடுப்பைத்தான். போகும் ஊர் எத்தனை மைல், தங்கும் இடம் எப்படிப்பட்டது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகே எழும். புளியைக் கரைத்துக் காய்ச்சி, நல்லெண்ணெயைத் தாராளமாய் விட்டு, உப்பும் மிளகாயும் கூட்டிக் கிளறிய புளிச்சோறு வாழையிலைக்குள்ளே மூட்டையாகிவிடும். அது ஒன்றிரண்டு நாள் கெடாமலிருப்பது மந்திரத்தால் அன்று. புளியின் காடித்தன்மையும் உப்பும் சோற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை எளிதிற் பெருகவிடுவதில்லை. விஞ்ஞானம் விளக்கிச் சொல்வதற்கு நெடுங்காலம் முன்னரே நம் பாட்டிமார் கைப்பழக்கத்தால் இதனை அறிந்திருந்தனர்.

ஆயினும், "கட்டிக்கொடுத்த சோறும் கற்றுக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று பழமொழி கேட்கிறதே, அதற்கு அந்தப் பாட்டிமாரிடமும் விடை இல்லை. சோற்றையாவது இரண்டு நாளைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். நீரை எத்தனை நாளைக்குச் சுமப்பது? வழியிற் கண்ட கிணற்றையும் குளத்தையும் நம்பித்தான் ஆகவேண்டும். ஆகவே, பயணியின் உடல்நலக் கவலை முழுவதும் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது எனலாம். யார் சமைத்த சோறு? எவ்விடத்து நீர்?

இவ்விரு கேள்விகளையும் மலைநாட்டில் இருந்துகொண்டு இன்று மீண்டும் கேட்கத் தூண்டியது ஓர் உல்லாசக் கப்பல்.

மிதக்கும் பந்தி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. இத்தகைய கப்பல்களை மிதக்கும் நகரங்கள் என்றே சொல்லவேண்டும். உலகத்தின் மிகப் பெரியவற்றில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஒரே வேளையிற் செல்கின்றனர். நீச்சற் குளம், நாடக அரங்கு, கடைத்தெரு எல்லாம் உள்ளே உண்டு. ஆனால் பயணம் முடித்துத் திரும்பியவர்கள் அதிகம் பேசுவது கடலைப் பற்றியன்று, சாப்பாட்டைப் பற்றித்தான். காலை முதல் நள்ளிரவு வரை ஓயாத பந்தி. நீண்ட மேசைகளிலே பல நாட்டு உணவுகள் வரிசையாய் வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதை வேண்டியமட்டும் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சீட்டுக்குக் கொடுத்த பணத்திலேயே சோறும் அடக்கமாதலால், 'இன்னும் கொஞ்சம்' என்பதற்குத் தனியே கணக்கு எழுதுவாரில்லை.

அந்தப் பெரிய உணவுக்கூடத்தின் வாசலில் ஒரு சிறிய காட்சியையும் காணலாம். கைகழுவும் தொட்டி அங்கே இருக்கும். பணியாளர் ஒருவர் புன்னகையுடன் நின்று, கழுவிவிட்டு உள்ளே வருமாறு வேண்டுவார். இந்த வேண்டுகோளுக்குப் பின்னாலே பெரியதொரு பயம் மறைந்திருக்கிறது. 'நோரோவைரசு' என்னும் நுண்கிருமி உல்லாசக் கப்பல்களுக்கு நெடுநாட் பகை. அதனுடைய சில பத்துத் துகள்கள் வயிற்றுக்குட் சென்றாலே போதும். பன்னிரண்டு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடும். நோயுற்ற ஒருவர் தொட்ட கரண்டிப்பிடியை அடுத்து வருகின்ற நூறு பேரும் தொடுகிறார்கள். சாராயம் கலந்த கைத்தைலம் இக்கிருமியை எளிதிற் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் நீருமே உற்ற துணை. அதனாலேதான் அந்தத் தொட்டி. சமையலறையிலும் அவ்வாறே கண்டிப்புகள் உண்டு. சூடான உணவு 60 பாகைக்குக் குறையாத வெப்பத்திலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மேற்படாத குளிரிலும் இருக்கவேண்டும் என்பது உணவுக் காப்பின் பொது விதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகளின் வளர்ப்புப் பண்ணை.

சிந்திக்கத்தக்கது இதுதான். இவ்வளவு ஏற்பாடும் பயணியைக் காப்பதற்காகச் செய்யப்படுகிறது. பயணி விருந்தினன், நோய் அவனை அண்டாமற் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கப்பற்காரரின் கவலை. தமிழகக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இடைப்பட்ட இதே கடலை நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பல இலட்சம் பேர் கடந்தனர். இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கின்றவர்களின் முன்னோர் அவர்கள். அவர்களுடைய கடற்பயணத்திலும் சோறு உண்டு. நோய்ப் பயம் உண்டு. வாசலிலே நின்று பரிசோதித்தவர்களும் உண்டு. ஆனால் அங்கே பயம் யாருக்கு? யாரைப் பற்றிய பயம்? அந்தக் கதையை நினைத்துப் பார்க்கலாம்.

வழிநீர்

கோப்பித் தோட்டங்கள் இலங்கை மலைகளிலே பரவிய காலத்தில், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் புறப்பட்டனர். பாய்மரத் தோணிகளில் நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி. அதனைக் கால்நடையாகவே கடந்தனர். கையிலே கட்டுச்சோறு, அது தீர்ந்தபின் கங்காணி தரும் அரிசி. நீருக்கு வழியோரக் குளங்கள். கோடையிலே வற்றி, மாடும் மனிதரும் இறங்கிக் கலக்கிய குளங்கள் அவை.

வாந்திபேதி அந்த வழியெங்கும் அவர்களைப் பின்தொடர்ந்தது. நோயுற்றவர் உடம்பிலுள்ள நீர் சில மணி நேரத்துக்குள் வடிந்துவிடும், கண்கள் குழிவிழும், குரல் அடங்கும். காலையில் நடந்து வந்தவர் மாலையிற் கிடையாய்க் கிடப்பார். அவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லாத கூட்டம் வழியிலேயே விட்டுப் போகும். இந்நோய் நீரின் வழியாகப் பரவுகிறது என்பதை 1854இல் இலண்டன் மாநகரிலே ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒரு தெருக்குழாயை ஆராய்ந்து எடுத்துக் காட்டினார். 1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவிலே ஒரு குளத்து நீரில் அதன் கிருமியைக் கண்டார். ஆனால் காட்டுவழியிலே நடந்தவர்களுக்கு இந்த அறிவு சோறாகவும் வரவில்லை, நீராகவும் வரவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலான 'துரூரோ' 1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையை விட்டு, நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற அத்தகைய கப்பல்களிலே இன்னின்ன அளவு அரிசி, பருப்பு, நீர் கொடுக்கவேண்டும், மருத்துவர் ஒருவர் உடன் செல்லவேண்டும் என்று சட்டமாவது இருந்தது. அச்சட்டம் பலவேளை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்ததென்பது வேறு கதை. இலங்கைக்கு வந்தவர்களோ ஒப்பந்தம் எழுதி வந்தவர்களல்லர். பக்கத்து ஊருக்குப் போகின்றவர்களைப் போலவே எண்ணப்பட்டனர். கடல் குறுகியது என்ற காரணத்தினால் கவனிப்பும் குறுகிப்போயிற்று.

அந்த அரிசிக்கும் தோணிக்கூலிக்கும் கணக்கு இருந்தது என்பதை மறக்கலாகாது. ஊரிலே கங்காணி கொடுத்த முன்பணமும், வழிச்செலவும், வழியிலே தின்ற சோறும் சேர்ந்து தொழிலாளியின் பேரிலே கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அந்தக் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கையில் இருக்கவேண்டும். துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. வேண்டியமட்டும் எடுத்துண்ணலாம் என்னும் உல்லாசக் கப்பற் பந்தியையும், ஒவ்வொரு கவளமும் கடனேட்டில் ஏறிய இந்தப் பந்தியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மண்டபத்துச் சோறு

1914ஆம் ஆண்டு இந்தப் பயணத்தின் முகத்தையே மாற்றிற்று. பாம்பன் பாலம் அவ்வாண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடலாயின. சென்னையில் ரயிலேறியவர் ஒரே சீட்டில் கொழும்புக்குச் செல்ல முடிந்தது. இடையிலே கப்பலில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. பிற்காலத்தில் 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்கள் இந்த வழியிலே ஓடிப் பெயர் பெற்றன.

இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கப்பலிலே பந்தி எதற்கு? தோட்டத் தொழிலாளிக்குக் 'கப்பற் சோறு' உண்மையிற் கரையிலேயே போடப்பட்டது. அந்த இடம் மண்டபம் முகாம். இந்திய மண்ணிலே, இலங்கை அரசாங்கம் நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம் அது. தோட்டங்களுக்குப் போகும் ஆண், பெண், குழந்தை அனைவரும் அங்கே சில நாட்கள் தங்கியே தீரவேண்டும். அவர்களைக் குளிக்கச் செய்தார்கள், உடுத்த துணிகளை நீராவியில் அவித்தார்கள், அம்மைப்பால் குத்தினார்கள், வைத்தியர் நாள்தோறும் பார்த்தார். வேளைக்குச் சோறு போட்டார்கள். நோய்க்குறி ஒன்றுமில்லை என்று கண்டபின்பே கப்பலேற விட்டார்கள்.

முகாமை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுவது நீதியாகாது. காட்டுவழியில் வாந்திபேதிக்குப் பலியானவர்களின் தொகையை எண்ணும்போது, கிணற்று நீரும் வேளைச் சோறும் அம்மைக் குத்தலும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1923இல் வகுக்கப்பட்ட விதிகளுக்குப் பின்னர், பயணச் செலவைத் தொழிலாளியின் தலையிலே கடனாய்க் கட்டுவதும் நின்றது. இவையெல்லாம் நன்மைகளே.

ஆனால் அதே ரயிலிலே உயர்ந்த வகுப்பிலே வந்த பயணிக்கு இந்த முகாம் இல்லை. அவர் நேரே கப்பலேறிவிடலாம். தேவையானால் போய்ச்சேர்ந்த இடத்திலே வைத்தியரிடம் தம்மைக் காட்டிக்கொண்டால் போதும். கிருமிக்கு முதலாம் வகுப்பும் தெரியாது, மூன்றாம் வகுப்பும் தெரியாது. முகாமின் வாசலுக்கோ அது நன்றாகத் தெரிந்திருந்தது. தொழிலாளியை நோயாளியாய் ஆகக்கூடியவன் என்று பார்த்ததைவிட, நோயைச் சுமந்து வருகின்றவன் என்றே பார்த்தார்கள். காக்கவேண்டியது தோட்டத்தையும் துறைமுகத்தையும்; சோதிக்கவேண்டியது அவனை. உடுத்திய சேலையை அவிக்கக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை மார்போடணைத்துக்கொண்டு வரிசையில் நின்ற தாய்க்கு இந்த வேறுபாட்டை ஒருவரும் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் இருந்திராது.

கடலையே காணாத கரிசற் சீமையினருக்கும் செம்மண் சீமையினருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் பெரும் பாடுதான். நீரிணையிலே காற்று எழுந்தால் கப்பல் ஆடும், வயிறு கலங்கும். கடற்பிணி ஒரு கிருமியால் வருவதன்று. உடம்பு அசைகிறது என்று காதினுள்ளே இருக்கும் சமநிலையுறுப்பு சொல்கிறது. எதிரே இருக்கும் பலகை அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படவே மூளை குழம்பி, வயிறு குமட்டுகிறது. மேற்றளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும், குமட்டலும் தணியும். கீழ்த்தளத்திலே நெருக்கியடித்து இருந்தவர்களுக்குத் தொடுவானம் ஏது? எலுமிச்சம்பழமும் சுக்குத் துண்டுமே துணை. இன்றும் றம்பொடை வளைவுகளிலே பஸ் ஏறுகின்ற நம்மவர் கையிலே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதைக் காண்கிறோம். இஞ்சி குமட்டலைத் தணிக்கவல்லது என்பதை இக்கால ஆராய்ச்சியும் ஓரளவு ஒப்புகிறது.

லயத்து வாசல்

தலைமன்னாரில் இறங்கியவர்கள் ரயிலேறி, மதவாச்சி, அனுராதபுரம், பொல்காவலை வழியாக மலைநாட்டுப் பாதையைப் பிடித்தனர். கடுகண்ணாவை ஏறி, நாவலப்பிட்டி கடந்து, அட்டனிலும் நானுஓயாவிலும் கொண்டுபோய் விடப்பட்டனர். வெயிலிலே பிறந்து வளர்ந்த உடம்புகள் ஆறாயிரம் அடி உயரத்து மூடுபனியிலே நடுங்கின. தோட்டத்திலே கம்பளி கொடுத்தார்கள். அதற்கும் பற்று எழுதினார்கள்.

மண்டபத்திலே துணியை அவித்த கவனம் லயத்திலே எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. பத்தடிக்குப் பத்தடிக் காம்பராவிலே ஒரு குடும்பம். பல தோட்டங்களில் மலசலகூடம் இல்லை. வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உடம்புக்குள் ஏறிற்று. குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சிற்று. வெளிறிய முகத்துடன் மலையேற முடியாமல் இளைத்தவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். 1916இலே அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோதுதான், சோம்பல் என்று சொல்லப்பட்டது சோகை என்பது பலருக்கு விளங்கிற்று. மருந்து கொடுத்தால் புழு விழும். மலசலகூடம் கட்டாவிட்டால் மறுபடியும் ஏறும். வாசலிலே சோதனை செய்வது எளிது. உள்ளே சுத்தமான நீரும் கழிவிடமும் கொடுப்பது செலவுள்ள காரியம். தோட்ட மருத்துவத்துக்கென 1872இலும் 1912இலும் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்த வேகத்தில் குழாய் வரவில்லை.

உல்லாசக் கப்பலின் காலைப் பந்தியிலே பளிங்குக் கோப்பையில் ஊற்றப்படும் தேநீரிலே இந்த வரலாறு மிதப்பதில்லை. கொதித்த நீரிலே இட்ட தேயிலை உலகத்தாருக்கு நோயற்ற பானமாயிற்று. அதனைப் பறித்தவர்களுக்குத்தான் கொதித்தாறிய நீர் நெடுங்காலம் அரிதாயிருந்தது.

திரும்பிய கப்பல்

மலைநாட்டு மக்களுக்கு மற்றுமொரு கப்பற் பயணமும் விதிக்கப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்களைப் பங்கிட்டுக்கொள்ள 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தம் எழுதிய மை உலர்வதற்குள், 1964 டிசம்பரில் அடித்த பெரும் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கிற்று. அதன்பின் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. 'இராமானுஜம்' என்னும் கப்பலிலே குடும்பங் குடும்பமாய் மக்கள் ஏற்றப்பட்டனர்.

அட்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பெட்டிக்குள்ளே பாதிக் குடும்பம். மேடையிலே பாதிக் குடும்பம். இடுப்பிலே தேயிலைத் தூள் முடிச்சு, தலையிலே பாத்திர மூட்டை. உலகெங்கும் பயணிகளிடம் அம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்ட காலம் அது. பெரியம்மை ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பின்னரே அந்த வழக்கம் மறைந்தது. தாத்தாவை எந்த மண்டபத்திலே சோதித்து இந்தப் பக்கம் அனுப்பினார்களோ, அதே மண்டபத்து முகாம் பேரனை அந்தப் பக்கத்திலே வரவேற்றது. தாத்தாவுக்கு மலைக்குளிர் புதிது. பேரனுக்குக் கடற்கரை வெயில் புதிது. சிலரைத் தமிழக அரசு நீலகிரியிலே 1968 முதல் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள். 1984இல் இனக்கலவரத்தின் நிழலிலே கப்பற் சேவையும் நின்றது. பின்னர் அந்த முகாம் போரினால் ஓடிவந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இருப்பிடமாயிற்று. ஒரு முகாமின் ஓட்டுக்கூரை நம் மக்களின் முழு வரலாற்றையும் பார்த்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

கப்பல் கற்பித்த பாடம்

பழங்கதை இது, இன்றைக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யொகொஹாமாத் துறையிலே 'டயமண்ட் பிரின்செஸ்' என்னும் உல்லாசக் கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனாத் தொற்றுக் கண்டது. பயணிகளை அவரவர் அறைக்குள்ளே இருத்திக் கதவை அடைத்தார்கள். ஆனால் அறைதோறும் சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? கப்பற் பணியாளர்கள். அவர்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள், இரவிலே நெருங்கிய சிற்றறைகளிலே சேர்ந்து உறங்கினார்கள். பணியாளர்களிலே முதலில் நோயுற்றவர்களிற் பெரும்பாலோர் உணவுப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பயணியைக் காக்கும் ஏற்பாட்டிலே பரிமாறுகின்றவனை மறந்தார்கள். மறந்த வாசல் வழியாகவே நோய் நடமாடிற்று. நூறாண்டு கழிந்தும், காக்கப்படுபவர் ஒரு வகுப்பு, உழைப்பவர் ஒரு வகுப்பு என்ற பிரிவு கப்பலை விட்டு இறங்கவில்லை.

நல்ல பாடமும் ஒன்றுண்டு. அதுவும் ஓர் அகதி முகாமிலிருந்தே வந்தது. 1971இலே வங்காளப் போரினால் இந்தியாவுக்கு ஓடிவந்த மக்களிடையே வாந்திபேதி பரவியபோது, போங்காவ் முகாமிலே திலீப் மகாலனபீஸ் என்னும் மருத்துவர், நரம்பிலேற்றும் மருந்துநீர் போதாமையால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து வாயாற் குடிக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிற்று. சர்க்கரை துணைவர, குடல் உப்பையும் நீரையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. இதுவே அதன் சூட்சுமம். மாத்தளைக் காட்டுவழியிலே மாண்டவர்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீர், மட்டமாய் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இன்று இலங்கை மருந்துக் கடைகளிலே 'ஜீவனி' என்னும் பொட்டலமாய் இது கிடைக்கிறது.

2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கிற்று. மழைக்காலத்தால் விரைவிலே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு மறுபடியும் எழுந்தது. நான்கு மணி நேர அளவிலான பயணம். மலைநாட்டிலிருந்து திருச்சிக்கும் கூடலூருக்கும் உறவைத் தேடிப் போகின்றவர்களுக்கு இந்தக் கடல்வழி பாட்டனார் வந்த வழியின் நினைவைத் தரும். அவர்களுக்குச் சொல்லக்கூடியது சிறிதே. கப்பலேறுமுன் வயிற்றை வெறுமையாகவும் விடவேண்டாம், நிரப்பவும் வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியிலே அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். ஒரு ஜீவனிப் பொட்டலமும் சோப்புத் துண்டும் மடியிலே இருக்கட்டும். நீரிழிவுக்காரரும் இரத்த அழுத்தக்காரரும் மருந்தைப் பெட்டியிலே பூட்டாமல் கையிலே வைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சரியில்லை என்றால் அதனை மறைக்க வேண்டாம். மறைக்கச் செய்வது வெட்கமும் பயமுமே. நோயைச் சொன்னவனைத் தண்டிக்கின்ற வாசல்கள்தாம் நோயை உள்ளே விடுகின்றன.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். ஜூலை இறுதியிலே தொடங்கிய நடை ஆகஸ்டு நடுவிலே முடிந்தது. கடன் துண்டு இல்லை, கங்காணி இல்லை. பாட்டன் பாட்டிமார் நடந்த வழியிலே, எந்தக் குளக்கரையில் யார் விழுந்தார் என்று தெரியாமலே, அவர்களுக்காக நடந்தார்கள்.

பழைய துறையிலே இன்றும் அலை அடித்துக்கொண்டிருக்கிறது. கப்பல்கள் வரலாம், போகலாம், பந்தி பெரிதாகலாம். ஏறுகின்ற மனிதனைப் பார்த்து, 'இவன் என்ன நோயைக் கொண்டு வருகிறான்?' என்று முதலிற் கேட்கின்ற துறை ஒன்று. 'இவன் என்ன நீரைக் குடித்தான், இவனுக்கு என்ன சோறு கொடுப்போம்?' என்று கேட்கின்ற துறை மற்றொன்று. நம் முன்னோர் கண்டது முதலாவது துறை. நம் பிள்ளைகள் இறங்கவேண்டியது இரண்டாவதிலே.